கொழுந்து மட்டுந்தான்

பேனா இருக்காம்மா? நீலம்னாலும் சரி, கறுப்புனாலும் சரி. போன வாரம் ஒருத்தர எழுதச் சொன்னேன், பாதி எழுதுறதுக்குள்ள அவரு எறங்குற எடம் வந்துருச்சு. நீ ராம்நாடுன்னு டிக்கெட்டு கேட்டத பாத்துட்டுத்தான் உம் பக்கத்துல வந்து உக்காந்தேன். பெரிய மனு ஒண்ணும் இல்ல. ஒரு புத்தகத்துல ஒரு வார்த்தைய மாத்தணும்னு ஒரு மனு. ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு இது பதினோராவது திங்கக்கெழம.

எம் பேரு நம்புராணி. சன்னலோரமா உக்காந்திருக்காளே, இவ என் வீட்டுக்காரரோட தங்கச்சி, சந்தனமாரி. நீ வணக்கம் சொன்னா அவ திரும்ப மாட்டா, கோவிச்சுக்கிறாத. நம்ம பக்கம் இருக்கிற காது போயிருச்சு அவளுக்கு. அந்தப் பக்கத்துக் காது நல்லாத்தான் இருக்கு. நாந்தான் எப்பவும் அவள சன்னலோரம் உக்கார வைப்பேன். காத்து வரும்ல, அதுக்காக.

எழுதுறதுக்கு முன்னாடி நீ வெவரம் தெரிஞ்சுக்கணும். இல்லன்னா ஆபீசுல கேக்குற மாதிரி நீயும் என்னையே கேப்ப. இந்தா, பைக்குள்ள இருக்கு, பிளாஸ்டிக் கவரு போட்டு வெச்சிருக்கேன். தண்ணி படாத தாளு, கலர் படம். கடப்பாசிய அடையாளம் கண்டுபிடிக்கிறதுக்கும் அழியாமப் பாதுகாக்கிறதுக்கும் போட்ட புத்தகம். நூலு வெச்சிருக்கேன் பாரு, அந்தப் பக்கம். அந்தப் படத்துல இருக்கிறது யாரு கைன்னு நெனைக்கிற? என் கை. இந்தத் தழும்பப் பாரு, பாறை கிழிச்சது. படத்துலயும் அதே தழும்பு இருக்கா? இருக்குல்ல?

அதுக்குக் கீழ இருக்கிறத வாசிம்மா. சத்தமா வாசி. நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவதான், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆனா அந்த வரிய வாசிக்க எனக்கு வாயி வராது.

"இப்பாசியை உள்ளூர்ப் பெண்கள் வேரோடு பிடுங்கி எடுக்கின்றனர். அதனால் இது இப்பகுதியில் வேகமாக அழிந்து வருகிறது. தகவல்: நம்புராணி, பாசி எடுப்பவர்."

ம். என் பேரு மட்டும் பிழையில்லாமப் போட்டிருக்காங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். எங்க ஊருல எல்லாமே பிடுங்குறதுதான். பூ பிடுங்குறோம்பாங்க. முருங்கக்கீர பிடுங்கிட்டு வான்னு சொல்றோம். தேங்கா பிடுங்குறோம். அதுக்காகத் தென்னமரத்தச் சாய்ச்சா பிடுங்குறோம்? அதே மாதிரிதான் பாசி பிடுங்கப் போறோம்கிறது. வாய்ல வர்ற வார்த்தை அது. ஆனா கை செய்யுறது கிள்ளுறது. வெரலுக்குத் துணியச் சுத்திக்கிட்டு, நுனிய மட்டும் கிள்ளி எடுப்போம். அடி பாறையில இருக்கும். ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் கழிச்சுப் போனா திரும்பத் தழைஞ்சு நிக்கும். அடியோட எடுத்தா அடுத்த தரம் போயி வெறும் பாறையையா கிள்ளுறது? இது தெரியாமயா எங்காத்தா, அவங்காத்தா எல்லாம் அதே பார்ல எடுத்தாங்க? பார்னா கடலுக்குள்ள இருக்கிற பாறைத் தட்டும்மா, எங்க பாருக்கு நெத்திலிப்பாருன்னு பேரு. பல்லத் தவிர எதையும் நாங்க வேரோட பிடுங்குனது கெடையாது.

அந்தப் பாசி பேரு என்ன தெரியுமா? மரிக்கொழுந்து. பூக்கடையில விக்கிற மரிக்கொழுந்து மாதிரியே பல்லுப் பல்லா இருக்கும், அதனால அந்தப் பேரு. பேருலயே கொழுந்துன்னு இருக்கு. கொழுந்த யாராச்சும் வேரோட எடுப்பாகளா? ஆபீசுல இத நான் சொன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்புட்டாங்க.

இந்தப் புத்தகத்துல இருக்கிற பேரெல்லாம் நான் சொன்னதும்மா. கஞ்சிப்பாசி, நூலு நூலா இருக்கும், அதுல கஞ்சி காய்ச்சுவோம். கட்டக்கோரை, அதுல சின்னச் சின்னக் குமிழு இருக்கும், அமுக்குனா டப்புன்னு வெடிக்கும். பக்கடாப்பாசி, அதப் பாத்தா நீயே பேரு சொல்லிருவ. அந்தப் பிள்ள ஒவ்வொண்ணையும் கையில வெச்சுக்கிட்டு, "இது என்னங்கக்கா? இதுக்கு வேற பேரு இருக்குங்களா?"ன்னு கேக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கும்.

பிள்ளன்னா அந்த ரிசர்ச்சு பண்ண வந்த பிள்ள. சிவரஞ்சனி. கோயம்புத்தூர்ப் பக்கம். கடலயே அதுக்கு முன்னாடி ரெண்டு தரந்தான் பாத்திருக்காம். மொத நாளு வத்தையில, சின்னப் படகும்மா அது, ஏறி உக்காந்து வாந்தி எடுத்துச்சு, நாந்தான் தலையப் பிடிச்சுக்கிட்டேன். நல்ல பிள்ள, அத நான் குத்தஞ்சொல்ல மாட்டேன். பாசி அழிஞ்சிரக் கூடாதுன்னுதான் வந்துச்சு. நாங்களும் அதத்தான நெனைக்கிறோம்? பாசி போயிட்டா மொதல்ல பட்டினி கெடக்கிறது நாங்கதான?

ஊருல பாசிக்குப் போறவ நாப்பது பேரு. அந்த நாப்பது பேருல அது என்னையத்தான் வந்து கேட்டுச்சு. ஏன்னா எனக்கு நாலு வார்த்த பேச வரும். இவளுக்கு வராது. இவ, சந்தனமாரி, தண்ணிக்குள்ள எறங்குனா மீனு. மேல வந்துட்டா ஊமைக் கோட்டான். அதனால அந்தப் பிள்ள எது கேட்டாலும் நாந்தான் பதில் சொன்னேன். இவளக் கேட்டப்பவும் நாந்தான் சொன்னேன். என்ன பண்றது, இவ வாயத் தெறக்க ஒரு நாளு ஆகும்.

ஒரு நாளு அந்தப் பிள்ள போன நீட்டிக்கிட்டு, "நீங்க எப்படிங்கக்கா எடுப்பீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், பிடுங்குவோம்மா, ஒரு முங்கு முங்குனா கை நெறையப் பிடுங்கிருவேன்னு. அம்புட்டுத்தான் சொன்னேன். வேரோடங்கிறத நான் சொல்லல. அதுவாச் சேத்துக்கிச்சு.

புத்தகம் வந்தப்ப விழா வெச்சாங்க. பந்தல், மைக்கு, டீ, மிக்சரு. எனக்குப் பொன்னாட போத்துனாங்கம்மா. எங்க தெருவுல பொன்னாட வாங்குன மொத பொம்பள நாந்தான். புத்தகத்தக் கொண்டு போயி சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சேன். வர்றவுக போறவுகளுக்கெல்லாம் என் கையக் காமிச்சேன். ஒருத்தியாச்சும் கீழ இருக்கிற எழுத்த வாசிச்சாளா? நானும் வாசிக்கல. கையப் பாத்தோம், பேரப் பாத்தோம். போதும்னு இருந்துட்டோம்.

பெறகு நாலு மாசம் கழிச்சுச் சமுதாயக்கூடத்துல கூட்டம்னாங்க. பெரிய ஆபீசரு வந்திருந்தாரு. தன்மையான மனுசன், எல்லாரையும் நாற்காலியில உக்காரச் சொன்னாரு. கையில இதே புத்தகம். "அம்மா, நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். அந்த நெத்திலிப்பார்ல நீங்க மரிக்கொழுந்தப் பிடுங்குறீங்களா, இல்லையா?"ன்னாரு.

நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? அந்தப் பாரு எங்களுக்குப் பாத்தியப்பட்டதான்னு கேக்குறாருன்னு நெனச்சோம். நாப்பது பொம்பளையும் எந்திரிச்சு நின்னு, "ஆமா சார், பிடுங்குறோம்! எங்க ஆத்தா காலத்துல இருந்து நாங்கதான் பிடுங்குறோம்! வேற ஊருக்காரவுகள விடமாட்டோம்!"னு ஒரே சத்தம். நாந்தான் முன்னால நின்னேன். அவரு தலைய ஆட்டி எழுதிக்கிட்டாரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். சந்தோசமா வீட்டுக்கு வந்தோம்மா. அத நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு எரியுது, நாங்க சந்தோசமா வந்தோம்.

மறு வாரம் நெத்திலிப்பாரச் சுத்திச் செகப்பு மிதவை போட்டுட்டாங்க. பாசி திரும்ப வளர்ற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது. எத்தன வருசம்னு கேட்டா, அத ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணுமாம். ஆராய்ச்சி பண்றது யாருன்னு கேட்டா, இன்னும் ஆளு போடலயாம்.

அதுக்கப்புறந்தான் ஒருத்தி புத்தகத்த வாங்கி வாசிச்சா. தெருவே வந்து என் வாசல்ல நின்னுச்சு. யாரும் வையல. வஞ்சிருந்தா நானும் பதிலுக்கு நாலு வஞ்சிருப்பேன். "எதுக்கு நம்புராணி இப்படிச் சொன்ன?"ன்னு கேட்டாளுக. நான் சொல்லலன்னேன். "உம் பேரு போட்டிருக்கே"ன்னாளுக. நான் சொல்லலன்னேன். இவதான், சந்தனமாரிதான், "எங்க மதினி அப்படிச் சொல்லல, நான் பக்கத்துலதான் இருந்தேன்"னு சொன்னா. வாயே தெறக்காதவ, நாப்பது பேரு முன்னாடி தெறந்தா. அவளுக போயிட்டாளுக. அன்னைலருந்து எங்கிட்ட சரியாப் பேசுறதில்ல. கொழாயடியில நான் போனா பேச்சு நின்னுரும்.

நெத்திலிப்பாரு நெஞ்சளவு தண்ணிம்மா. முங்குனா ஆச்சு, எந்திரிச்சா ஆச்சு. அது இல்லன்னா வெளிப்பாருதான். அங்க மூணு பாகம், மூணு ஆளு ஒயரம் தண்ணி. ஆம்பளைகளே சங்கு எடுக்கத்தான் அங்க போவாக. வேற வழி? போனோம். சளி பிடிச்சிருக்கு, வேணாம்டின்னு சொன்னேன் இவகிட்ட. கேக்கல. ரெண்டாவது முங்குலயே மேல வந்து வத்தையப் பிடிச்சுக்கிட்டுத் தலையத் தலைய ஆட்டுறா. என்னடின்னா, உள்ள டொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மதினிங்கிறா. காதுல ரத்தம். அதுதான் அந்தக் காதுல அவ கேட்ட கடைசிச் சத்தம். டாக்டரு லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, இது இனி வராதும்மா, கடல்லயும் எறங்கக் கூடாதுன்னுட்டாரு. தண்ணிக்குள்ள எறங்குனா மீனுன்னு சொன்னேன்ல? அவள எறங்கக் கூடாதுன்னுட்டாரு.

அதுக்கப்புறந்தான் நான் மனுவோட அலைய ஆரம்பிச்சேன். வேரோடங்கிறத அடிச்சுட்டுக் கிள்ளின்னு போடுங்க, அவ்வளவுதான் கேக்குறேன். புத்தகம் மாறுனா மிதவைய எடுப்பாங்கள்ல? இந்த ஆபீசுல, புத்தகம் போட்டது நாங்க இல்லங்கிறாங்க. புத்தகம் போட்ட ஆபீசுல, மிதவை போட்டது நாங்க இல்லங்கிறாங்க. ரஞ்சனிப் பிள்ளைக்குப் போன் போட்டேன். அது வேற வேலைக்குப் போயிருச்சாம், வடக்க எங்கயோ. "நான் எழுதினது வேறங்கக்கா, மேல ஒருத்தரு சுருக்குனாங்க. ஆனா நீங்க சொன்னதுதானுங்களே அது"ன்னு சொல்லி அழுதுச்சு. நான் அதுக்கு ஆறுதல் சொல்லிட்டு வெச்சேன்.

இன்னொண்ணு. அந்தப் பிள்ளதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு, பாசிக்கு வேரே கெடையாதாம்மா. செடிக்குத்தான் வேராம். பாசிக்கு இருக்கிறது வெறும் பிடிப்பாம், பாறையப் பிடிச்சுக்கிறதுக்கு. அப்ப வேரே இல்லாதத வேரோட எப்படிப் பிடுங்குறது? இதையும் எழுதும்மா. மொதல்ல இத எழுது. இதுக்கு அவுங்க பதில் சொல்லட்டும்.

என்ன, வண்டி நின்னுருச்சு? ஓ, ரயில்வே கேட்டு அடச்சிட்டான். ரயிலு வரணும். இன்ஜின அமத்திட்டாரு, இனிக் கால் மணி நேரம் நகராது. நல்லதாப் போச்சு, ஆடாம எழுதலாம். எழுது, "வணக்கத்துக்குரிய ஐயா அவர்களுக்கு"...

என்னம்மா? எந்த ரெக்கார்டு? ஆமா, போன நீட்டுச்சுன்னு சொன்னேன். அதத்தான் அஞ்சாவது திங்கக்கெழம ஆபீசுல போட்டுக் காமிச்சாங்க. என்ன இருக்கும், என் கொரலுதான் இருக்கும்.

சரி. நீ மனு எழுதுறவ, உங்கிட்ட மறைக்கக் கூடாது. அவளுக்குக் கேக்காது, அதனால சொல்றேன்.

நான் சொல்லியிருக்கேன்மா. "மத்தவளுக மாதிரி இல்ல, நான் கை வெச்சா வேரோட வந்துரும்"னு. சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன். மத்தவ ரெண்டு முங்குல எடுக்கிறத நான் ஒரே முங்குல எடுப்பேன்னு பெருமைக்குச் சொன்னது. அந்தப் பிள்ள என்னையவே பாத்துக்கிட்டிருந்துச்சா, வாயில வந்துருச்சு. அதுலயே இவ கொரலும் இருக்கு. தள்ளி, மெதுவா. "மதினி, கிள்ளுறோம்னு சொல்லு மதினி"ன்னு. அதுக்கு நான், "நீ சும்மா இரு, உனக்கு என்ன பேசத் தெரியும்"ங்கிறேன். ஆபீசுல நாலு பேரு முன்னால என் கொரலு அப்படிப் பேசுது. இவ வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா, நல்ல வேளை.

அந்தப் படம் இருக்கே, அதுவும் அன்னைக்கு எடுத்ததுதான். பிள்ள முழுசாப் படம் எடுக்கணும்னுச்சு. அடியோட எடுத்துக் குடுத்தேன். பாரு, கல்லுத் துண்டு கூட ஒட்டிக்கிட்டு இருக்கு. நல்லாப் பாத்தியா? இவ கையப் பிடிச்சா, அடிய விடு மதினின்னு. உதறிட்டேன். என் வாழ்க்கையில அடியோட எடுத்தது அந்த ஒண்ணுதாம்மா. அந்த ஒண்ணத்தான் படம் பிடிச்சு வெச்சிருக்காங்க.

கிள்ளுறதுங்கிற வார்த்தைய நானாக் கண்டுபிடிக்கல. இவ சொன்னது. இவ சொன்னத வெச்சுத்தான் பதினோரு வாரமா மனு குடுக்குறேன். அதயும் இவகிட்ட சொன்னதில்ல.

சொல்லாம இல்ல, சொல்றேன். ஒவ்வொரு திங்கக்கெழமையும், இதே பஸ்ஸுல, இந்தக் கேக்காத காதுக்குள்ள சொல்லிருவேன். "சந்தனமாரி, உன் காது என்னாலதாண்டி போச்சு"ன்னு. சொல்லிட்டா நெஞ்சு ஒரு நாளைக்கு லேசா இருக்கும். அதுக்குத்தான் சன்னலோரம் உக்கார வைக்கிறது. காத்துக்குன்னு சொன்னேன்ல, காத்துக்கு இல்லம்மா. நேருக்கு நேரா அந்த நல்ல காதுல சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நாப்பது பேரு முன்னாடி எனக்காகப் பேசுனவ. அவகிட்டப் போயி, நீ சொன்னது பொய்யி, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்னு எப்படிச் சொல்ல?

எழுதும்மா, நீ எழுது. ரயிலு இன்னும் வரல பாரு. எம்புட்டு அமைதியா இருக்கு.

என்னடி? என்ன, எந்திரிக்கிற? எறங்குற எடம் இன்னும் வரலடி, கேட்டு... கேட்டுல நிக்கிது.

ஏம்மா, இவ என்ன சொல்றான்னு உனக்குக் கேட்டுச்சா? "இந்தப் பக்கம் வா மதினி. அந்தக் காதுல இன்னும் எத்தன திங்கக்கெழமதான் சொல்லுவ"ங்கிறா.

இரும்மா. காலக் கொஞ்சம் நகத்திக்க. பையப் பிடி. வர்றேண்டி, கைய விடு, வர்றேன்.

ம். சன்னலோரம் வந்துட்டேன். இந்தா, காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா. மூஞ்சியக் கூட என் பக்கம் திருப்பல, காத மட்டும் குடுத்திருக்கா. நான் என்னத்தச் சொல்ல? நாலு வார்த்த பேச வரும்னு சொன்னேன்ல? ஒண்ணு வரல பாரு.

அந்தா, ரயிலு போகுது. கேட்டத் தூக்குறான். வண்டிய எடுத்துட்டா இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. ராம்நாட்டுல எறங்குனதும் சொல்லிக்கிறேண்டி. எறங்குனதும் சொல்றேன்.

நீ எழுதுனத வாசிம்மா, கிளம்புறதுக்குள்ள. சத்தமா, இவளுக்கும் கேக்கட்டும். "நாங்கள் வேரோடு பிடுங்குவதில்லை, கொழுந்து மட்டுந்தான் கிள்ளுவோம்." சரியா இருக்கு. கீழ என்ன போட்ட? தகவல், நம்புராணியா?

அத அடிச்சிரும்மா. சந்தனமாரின்னு போடு.